ஃப்ரீசரில் பனி படியும் இடமே பழுதைக் காட்டும்

ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிராமல் போனாலோ, ஃப்ரீசருக்குள் உறைபனி மண்டிப்போனாலோ, பெரும்பாலோர் உடனே அதை அணைத்துப் பனியை உருகவிடுகின்றனர். அவ்வாறு செய்வதற்கு முன்பு, பனி எந்த இடத்தில் எவ்வளவு தடிமனாகப் படிந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்த்து, முடிந்தால் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் காட்டும் தடயம் அந்தப் பனிதான். உருகிவிட்டால் அதுவும் போய்விடும்.

அடுத்து, வெப்பநிலையை அளக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்ப்பது அளவாகாது. ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மோமீட்டரை இட்டு, நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்திருந்து, காலையில் முதன்முறையாகக் கதவைத் திறந்ததும் பாருங்கள். ஃப்ரிட்ஜில் 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரையிலும், ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியை ஒட்டியும் இருக்க வேண்டும். திருகுக் குமிழில் உள்ள எண்கள் டிகிரிகள் அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடக்கூடக் குளிர் கூடும். குமிழை மாற்றிய பின் ஒரு நாள் பொறுத்துத்தான் மறுபடி அளக்க வேண்டும்.

பனி கதவோரமாக மட்டும் படிந்திருந்தால், வெளியிலிருக்கும் ஈரக்காற்று கதவு ரப்பர் வழியே உள்ளே நுழைகிறது என்று பொருள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. ரப்பரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் துடைத்தும் சரியாகாவிட்டால் மாற்றிவிடலாம்.

தானாகப் பனி நீக்கும் வகைப் பெட்டிகளில், ஃப்ரீசரின் பின்சுவர் முழுவதும் பனி மூடியிருப்பது வேறு வகைப் பழுது. அச்சுவருக்குப் பின்னாலுள்ள குளிர்விக்கும் காயிலில் சேரும் பனியை, ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிடும். ஹீட்டரோ, அதை இயக்கும் சென்சாரோ, டைமரோ செயலிழந்தால் காயில் பனிக்கட்டியாக இறுகிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும்; அதனால்தான் ஃப்ரீசர் ஓரளவு குளிர்ந்திருக்கும்போதே கீழ்ப்பகுதி வெதுவெதுப்பாகிறது. பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். பின்னர் நன்றாகக் குளிர்ந்து, ஓரிரு வாரங்களில் அதே தொல்லை திரும்பினால், பனி நீக்கும் அமைப்பில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

பின்சுவரைக் கழற்றும்போது காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனியிருந்து மறுபகுதி வெறுமையாக இருந்தால், குளிர்விக்கும் கேஸ் குறைந்திருக்கக்கூடும். மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் கேஸ் பயன்படுத்துவதால் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஆகவே, கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பித் தருவதை ஏற்காதீர்கள்.

நாமே பனி நீக்க வேண்டிய பழைய வகைப் பெட்டிகளில் பனி படிவது இயல்பே. அரை சென்டிமீட்டரைத் தாண்டும்போது அணைத்து உருக்கிவிடலாம். விரைவுபடுத்த, வெந்நீர்ப் பாத்திரத்தை ஒரு துணியின் மேல் உள்ளே வைக்கலாம். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ ஒருபோதும் சுரண்டாதீர்கள். குழாயில் ஒரு சிறு துளை விழுந்தாலே பெட்டி பயனற்றுப் போகலாம். மேலும், இன்று பல பெட்டிகளில் இருக்கும் ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன் கேஸ் எளிதில் தீப்பற்றக்கூடியது.

பனியே இல்லாமல் குளிர் மட்டும் குறைந்திருந்தால், பெட்டிக்கு வெளியே, வெப்பத்தை வெளியேற்றும் பின்புறக் காயிலில் தூசி படிந்திருக்கிறதா, சுவருக்கும் பெட்டிக்கும் இடையே காற்று போக இடமிருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே தூசியைத் துடைக்க வேண்டும். இந்தக் காயில் பக்கச்சுவர்களுக்குள் பொதிந்திருக்கும் பெட்டிகளில் அச்சுவர்கள் சூடாவது பழுதன்று. கம்ப்ரசர் சில நொடிகள் முனகி, ‘டிக்’ என்ற ஒலியுடன் நின்று, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்தால், அதை இயக்கிவிடும் ரிலேயோ கம்ப்ரசரோ பழுதாகியிருக்கலாம். மெக்கானிக் வரும்வரை பிளக்கைப் பிடுங்கியே வைத்திருங்கள்.