நண்பர்களுடன் ஒரு நாள் சைக்கிள் பயணம்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

சுற்றுலா போன இடத்தில் ஆற்றோரமாகவோ காட்டு வழியாகவோ சைக்கிள் பாதை இருந்தால், அதற்கென ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். குழுவில் யார் மிக மெதுவாக ஓட்டுவாரோ, அவரை வைத்தே அந்த நாளைத் திட்டமிடுங்கள். இதைச் செய்யாததால்தான் பல குழுக்கள் மதியத்துக்குள் சிதறிப்போகின்றன.

1. பாதையைத் தேர்ந்தெடுத்தல்

எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எவ்வளவு ஏற்றம் என்பதை முதலில் பாருங்கள். 25 கிலோமீட்டரில் மொத்த ஏற்றம் 150 மீட்டர் என்றால் புதியவரும் சிரித்துக்கொண்டே முடிப்பார். அதே தூரத்தில் 600 மீட்டர் என்றால் பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

பழைய ரயில் தடங்களில் அமைந்த பாதைகள் புதியவர்களுக்கு மிகவும் ஏற்றவை. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தத் தடங்களின் சரிவு மிதமாகவே இருக்கும். நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் இப்படிப்பட்டது; 152 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் ஒரு துண்டை மட்டும் ஒரு நாளில் ஓட்டலாம். ஜப்பானின் ஷிமானாமி கைடோ போன்ற பாதைகளில் வாடகை சைக்கிளை வேறொரு வாடகை நிலையத்தில் விட்டுவிடும் வசதியும் உண்டு. அப்படியொரு வசதி இருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

புதியவர்களின் சராசரி வேகத்தை மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, நின்று பார்ப்பதற்கு அதே அளவு நேரத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். போன வழியே திரும்புவதானால் காலையில் எதிர்காற்றில் கிளம்புங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்.

2. வாடகை சைக்கிளைச் சோதித்தல்

இதில் அவசரப்படவே கூடாது. கடையை விட்டு நகர்ந்த பிறகு எந்தக் குறையையும் சரிசெய்வது கடினம்.

முதலில் சீட்டின் உயரம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். தரையில் முழுப்பாதமும் பட வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்துகிறவர்களுக்கே மாலையில் முழங்கால் வலிக்கிறது.

அடுத்து பிரேக். வலக்கைப் பிரேக் சில நாடுகளில் முன்சக்கரத்தையும் வேறு சில நாடுகளில் பின்சக்கரத்தையும் பிடிக்கும். வெளிநாட்டில் ஓட்டும் முன் ஒவ்வொன்றாக அழுத்தி, எது எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பழக்கத்தில் கை தவறான பிரேக்கைப் பிடித்தால் சரளைச் சரிவில் விழ நேரிடும்.

டயரின் பக்கவாட்டில் காற்றழுத்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். மண்பாதைக்கு அந்த வரம்புக்குள் சற்றுக் குறைவாக வைத்தால் பிடிமானம் கூடும். குழுவுக்கு ஒரு பம்பு, டயர் அளவுக்கேற்ற மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்பி ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, நெற்றியை மூடியபடி இருக்க வேண்டும்.

3. கியரும் பிரேக்கும்

புறப்படும் முன் வெறும் இடத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பழகுங்கள். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே இலகு கியருக்கு மாறிவிட வேண்டும். மாற்றும்போது பெடல் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், அழுத்தம் மட்டும் குறையட்டும். பாதி ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடலாம்.

இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். இரண்டு பெடல்களையும் சம உயரத்தில் நிறுத்தி, உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

4. கூட்டமாக ஓட்டுதல்

வழி தெரிந்தவர் முன்னால், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் கடைசியில். மெதுவாக ஓட்டுபவரை முன்னால் போகிறவருக்கு அடுத்து விடுங்கள். அவர் வேகத்துக்கு முன்னவர் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் சேரும்வரை நில்லுங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பின்தங்கியவர் வந்து சேர்ந்த உடனே மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். காத்திருந்தவர்களுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. ஓய்வு தேவைப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, அவராகவே "போகலாம்" என்று சொல்லட்டும்.

படம் எடுக்க நிற்பவர் முதலில் குரல் கொடுத்து, பாதையை விட்டு முழுமையாக ஒதுங்க வேண்டும். நடந்து செல்வோரை நெருங்கும்போது மணியடித்து வேகத்தைக் குறையுங்கள்.

5. தண்ணீரும் திரும்பும் நேரமும்

மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலென்றால் இன்னும் கூடுதலாக. பசி எடுக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்படி, எப்போது திரும்ப வேண்டும் என்பதைக் காலையிலேயே எல்லோரும் பேசி முடிவெடுங்கள். அந்த நேரம் வந்ததும், அருவி இன்னும் இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.