பழைய நிறுவனம், புது வருமான வழி: பில்லிலிருந்து தொடங்குங்கள்

இயந்திரம் செய்து விற்கும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் நான். புதுமை பற்றிக் கூட்டம் போட்டால் எல்லோரும் புதுப் பொருளைப் பற்றியே பேசுவார்கள். நான் பில் கோப்பைத்தான் கேட்பேன்.

ஒரு வாடிக்கையாளருக்கு ஓராண்டில் போட்ட பில்களை எடுத்துக்கொள்ளுங்கள். எதைத் தயங்காமல் கொடுத்தார், எதற்குத் தகராறு செய்தார் என்று பிரியுங்கள். பிறகு அவரிடமே போய், இயந்திரம் ஒரு நாள் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று கேளுங்கள். நம் பில்லில் எங்குமே இல்லாத அந்த நஷ்டத்தைக் குறைத்துக் கொடுக்க அவர் பணம் தருவார். 1962இல் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் வைப்பர் விமான இன்ஜினுக்குப் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணம் வைத்தது. பின்னாளில் அந்த நிறுவனத்தை வாங்கிய ரோல்ஸ் ராய்ஸும் இந்த வழியில் போனது. இன்ஜின் அதேதான். ஆனால் பழுது என்பது தயாரிப்பாளருக்கு வருமானமாக இருந்த நிலை மாறி, அவர் கைச்செலவாகிவிட்டது! பழுதாகாத இன்ஜின் செய்வது அவருக்கே லாபமானது.

அடுத்து கைப்பணம். பலர் தடுமாறுவது இங்கேதான். இயந்திரத்தை விற்காமல் மாதக் கட்டணத்துக்கு வாடகையாகக் கொடுத்து, மொத்தமாக 100 வந்த இடத்தில் மாதம் 3 வந்தால், பழைய விலையைத் தொட 34 மாதம் ஆகும். அதுவரை சம்பளமும் மூலப்பொருள் செலவும் காத்திருக்காது. மென்பொருள் நிறுவனமான அடோபி 2013இல் தன் கிரியேட்டிவ் வரிசை வடிவமைப்பு மென்பொருட்களின் புதிய பதிப்புகளைச் சந்தாவாக மட்டும் தருவதாக அறிவித்தது. அந்த நிதியாண்டில் வருவாய் சுமார் 440 கோடி டாலரிலிருந்து 406 கோடிக்கு இறங்கியது. 2015இல் 480 கோடியை நெருங்கியது. இந்தப் பள்ளத்தை மாதவாரியாக வரைந்து, வங்கியிடமும் முதலீட்டாளரிடமும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

விற்பனையாளர் கமிஷனை அறிவிப்புக்கு முன்பே மாற்றுங்கள். விற்பனை விலையில் கமிஷன் வாங்குபவர் வாடகைத் திட்டத்தை எடுத்துச் சொல்லவே மாட்டார். அவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை, அவர் வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது.

புதுத் திட்டத்தின் சோதனைக்குப் பழுதுப் பதிவேடு முழுமையாக இருக்கும் சில வாடிக்கையாளர்களை மட்டும் எடுங்கள். அந்தப் பதிவேடு இல்லாமல் மாதக் கட்டணம் வைப்பது குருட்டுக் கணக்கு. வரவுசெலவுக்குத் தனிப் பேரேடு வையுங்கள். பழைய பிரிவின் லாபத்தோடு கலந்தால் எது ஓடுகிறது என்றே தெரியாது. முறைகேடான பயன்பாட்டால் வரும் பழுதை யார் ஏற்பது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். பழுதுச் செலவு கட்டணத்தில் எவ்வளவு பங்கைத் தாண்டினால் நிறுத்துவது என்பதையும் முதல் கையெழுத்துக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.