பிளேட்லெட் குறைந்தால் மண்ணீரலை எடுத்துவிடலாமா? சிரோசிஸ் வீடுகளில் நடக்கும் தவறுகள்

கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோய் உள்ளவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘பிளேட்லெட் 58,000’ என்று வந்ததும் வீடே கலங்கிவிடுகிறது. டெங்கு கற்றுத் தந்த பயம் அது. உடனே பப்பாளி இலையைத் தேடிக் கிளம்புகிறார்கள்.

டெங்குவில் எண்ணிக்கை சில நாட்களில் சரிந்து, தானாகவே ஏறும். இங்கே கதை வேறு. கல்லீரல் தழும்பேறி இறுகுவதால், குடலிலிருந்து அதற்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடுகிறது. ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்குகிறது. சாதாரண நாளிலேயே பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் இருக்கும். வீங்கினால் இன்னும் நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பதும் கல்லீரல்தான், அதுவும் குறைந்துவிடுகிறது. இலைச்சாறு இந்த அழுத்தத்தைக் குறைக்காது. என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத சூரணங்களோ, நொந்த கல்லீரலை மேலும் கெடுக்கலாம்.

அடுத்தது, ரத்தக்கசிவே இல்லாதபோது பிளேட்லெட் ஏற்றச் சொல்லி மருத்துவரை நெருக்குவது. ஏற்றியதில் பெரும்பகுதி மண்ணீரலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

‘வீங்கியதை வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது’ என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நினைப்பு. எடுத்தால் எண்ணிக்கை ஏறும், உண்மைதான். ஆனால் போர்ட்டல் சிரையில் ரத்தம் உறையலாம். பின்னாளில் கல்லீரல் மாற்று சிகிச்சை தேவைப்பட்டால் அது பெரிய சிக்கல். நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளின் கடும் தொற்று வரும் அபாயம் ஆயுள் முழுக்கத் துரத்தும். தவிர்க்கவே முடியாத அறுவை என்றால், முடிந்தவரை 2 வாரம் முன்பே தடுப்பூசிகளை முடித்துவிட வேண்டும். மண்ணீரலின் ஒரு பகுதிக்குப் போகும் ரத்தத்தை மட்டும் அடைக்கும் எம்போலைசேஷனும் உண்டு. அதிலும் காய்ச்சல், வலி, சீழ்க்கட்டி வரலாம். கல்லீரல் மிகவும் தளர்ந்தவருக்குச் செய்யத் தயங்குவார்கள்.

‘பக்கத்து வீட்டுப் பையனுக்கு எடுத்தார்களே, நன்றாகத்தானே இருக்கிறான்?’ என்பார்கள். அவனுக்குக் கல்லீரல் நன்றாக இருந்து, போர்ட்டல் சிரை மட்டும் அடைபட்டிருக்கலாம். அது வேறு நோய், வேறு கணக்கு.

பிளேட்லெட் எண்ணையே பார்த்துக்கொண்டு எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது இதற்குத்தான். சிரோசிஸில் உயிரைப் பறிக்கும் ரத்தப்போக்கு பெரும்பாலும் உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் வெடித்து வருவது. அதற்கு முக்கியக் காரணம் அழுத்தம். எண்ணிக்கை குறைவதே ‘உள்ளே பார்’ என்கிற சமிக்ஞைதான். இந்த அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரையோ, நாளங்களுக்கு பேண்டு போடுவதோ அதைத் தடுக்க உதவும். மதுவை நிறுத்துவதும், ஹெபடைடிஸ் பி, சி இருந்தால் அதற்கு மருந்து எடுப்பதும்தான் மூலத்தைத் தொடும் சிகிச்சை.

அப்புறம், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வாங்கிப் போடாதீர்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, பிளேட்லெட் எவ்வளவு என்று பார்க்க லேபுக்கு ஓடாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.