ஆழமான டைரக்டரியில் சி நிரல் விழுந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைரக்டரிக்குள் டைரக்டரியாக இறங்கிப் படிக்கும் நிரல், சின்ன மரத்தில் ஒழுங்காக ஓடி, ஆழமான டைரக்டரி மரத்தில் விழுந்ததும் (பாதியில் நின்றுபோனதும்) பலரும் செய்வது, பாதையின் அதிகபட்ச நீளமான பாத்_மேக்ஸ் (PATH_MAX) எண்ணைப் பெரிதாக்குவது. அதனால் பயனில்லை. லினக்ஸில் 4096 என்று இருக்கும் அந்த எண், ஒரு சிஸ்டம் காலுக்கு (இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் நிரல் வைக்கும் கோரிக்கைக்கு) கொடுக்கும் பாதையின் நீளத்துக்கு வரம்பு. மரத்தின் ஆழத்துக்கு அல்ல. டைரக்டரி உருவாக்கும் எம்கேடிர் (mkdir), அதற்குள் போகும் சிஎச்டிர் (chdir) இரண்டையும் மாறி மாறி அழைத்தால் அந்த நீளத்தைத் தாண்டிய மரம் தாராளமாக உருவாகும். பாதையை வைக்கும் பஃபரை எவ்வளவு பெருக்கினாலும் கர்னல் 'ஈநேம்டூலாங்' (ENAMETOOLONG, பெயர் மிக நீளம்) என்றே திருப்பும்.

அந்த 4096 பைட்டை ரிகர்ஷனின் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பதன்) ஒவ்வொரு அழைப்பிலும் லோக்கல் அரேயாக வைப்பது இன்னும் மோசம். 2000 நிலை இறங்கினால் ஏறக்குறைய 8 எம்பி. லினக்ஸில் லோக்கல் மாறிகள் இருக்கும் ஸ்டாக்கின் வழக்கமான அளவே அவ்வளவுதான். ஒரே பஃபரை ஹீப்பில் (நிரல் கேட்டு வாங்கும் நினைவகத்தில்) வைத்து, தேவைக்கேற்ப நீட்டிக்கொள்ளுங்கள்.

பழைய சிஸ்டங்களில் அதற்கும் முன்பே வேறொன்று உதைக்கும். ஒரு ப்ராசஸ் 20 கோப்புகளைத்தான் திறந்து வைக்கலாம் என்ற வரம்பு அங்கே சகஜம். வழக்கமான மூன்று (உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி) போக மீதி 17. ஓபன்டிரால் (opendir) திறந்த டைரக்டரியை மூடாமலே அடுத்த நிலைக்கு இறங்கினால் பதினெட்டாவதில் நல் (NULL, வெற்றுச் சுட்டி) வரும். அதைச் சோதிக்காமல், டைரக்டரியைப் படிக்கும் ரீட்டிரிடம் (readdir) கொடுத்தால் நிரல் அங்கே விழும், டீபக்கரும் ரீட்டிரைத்தான் காட்டும். குற்றவாளி அது இல்லை. ஆழத்தால் விழுகிறதா, எங்கோ அதை மூடும் குளோஸ்டிர் (closedir) விட்டுப்போனதா என்று பிரித்தறிய, ஆழமில்லாமல் அகலமாக மட்டும் ஒரு மரம் கட்டி ஓட்டுங்கள். அதிலும் விழுந்தால் கசிவுதான். ஆழத்தில் மட்டும் விழுந்தால், ஒரு நிலையின் பெயர்களையெல்லாம் படித்து, மூடிவிட்டு, அப்புறம் இறங்குங்கள். நினைவகம் கொஞ்சம் கூடுதலாகும், பரவாயில்லை.

ஏழாம் பதிப்பு யுனிக்ஸ் மாதிரி டைரக்டரியையே கோப்பாகப் படிக்கும் இடங்களில், பெயருக்கு 14 பைட்தான். சரியாக 14 எழுத்துப் பெயருக்கு முடிவைக் காட்டும் பூஜ்ய பைட் இருக்காது; அதைத் தேடியே நகலெடுக்கும் எஸ்டிஆர்சிபிஒய் (strcpy) பக்கத்து நினைவகத்தையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். சில பெயர்களுக்கு மட்டும் குப்பை வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் கோப்பு) வழியாக உள்ளே போய், மேல் டைரக்டரியைக் குறிக்கும் '..' வழியாக மேலே ஏறினால் வேறெங்கோ நிற்பீர்கள். திறந்த டைரக்டரியை அடிப்படையாக வைத்துத் திறக்கும் ஓபன்அட் (openat) இல்லாத சிஸ்டத்தில், இறங்குமுன் டைரக்டரியை அடையாளம் காட்டும் சாதன எண்ணையும் ஐநோடு எண்ணையும் குறித்துவைத்து, ஏறியதும் ஒப்பிடுங்கள். கோப்பு விவரம் கேட்க, சிம்லிங்க்கைத் தொடர்ந்து போகும் ஸ்டாட்டுக்குப் (stat) பதில், சிம்லிங்க்கையே காட்டும் எல்ஸ்டாட் (lstat).

சோதனைக்குக் கட்டிய ஆழமான மரத்தைப் பழைய ஆர்எம் (rm) கட்டளையால் அழிக்க முடியாமல் போகலாம். அழிக்கும் லூப்பையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.