குதிரையோடு காட்டு முகாம்: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் தேசிய வனங்களில் எல்லா முகாம்களுக்கும் குதிரையைக் கொண்டுபோக முடியாது. அறிவிப்புப் பலகை அனுமதித்தால்தான் உண்டு. அதனால் முதல் பயணத்துக்குக் குதிரைக்காரர்களுக்கென்றே அமைத்த முகாமைத் தேடிப் பதிவு செய்யுங்கள். ட்ரெய்லர் திரும்ப இடமும் குதிரை கட்டக் கம்பமோ பட்டியோ அங்கே இருக்கும்.

1. பழக்கம். லாயத்திலேயே வளர்ந்த குதிரைக்கு இரவு முழுக்கக் கயிற்றில் கட்டியபடி நிற்பது புதிது. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே வீட்டில் கட்டிப் பழக்குங்கள். இதைத் தவிர்த்துவிட்டுக் கிளம்பவே கிளம்பாதீர்கள் என்பேன். இருட்டில், தெரியாத காட்டில், மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடும் குதிரைக்கு நேரக்கூடியதை நினைத்தாலே பதறுகிறது.

2. தீனியும் சான்றிதழும். பல வனங்களில் களைவிதை இல்லாதது என்று சான்று பெற்ற உலர்புல்தான் அனுமதி. தின்ற விதை லத்தி வழியாகக் காட்டில் முளைத்துவிடும் என்பதே காரணம். அந்தப் புல்லுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். திடீரென மாற்றினால் வயிற்றுவலி வரும், அது உயிரையே எடுக்கலாம். மாநில எல்லை தாண்டினால், குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகை இல்லை என்று காட்டும் காகின்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் பொதுவாகத் தேவைப்படும். அந்த நோய்க்கு மருந்து கிடையாது.

3. கட்டுவது. பட்டி இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் ஹைலைன், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேலே இழுத்துக் கட்டும் கயிறு. ஓடை, பாதை இரண்டிலிருந்தும் 200 அடி தள்ளி, கெட்டியான தரையில் உயிருள்ள பருத்த மரங்களாகப் பாருங்கள். முதலில் மரத்தைச் சுற்றி அகலமான பட்டை, அதில்தான் கயிறு. வெறும் கயிறு மரப்பட்டையை அறுத்து மரத்தையே கொன்றுவிடும். உயரம் ஏறக்குறைய 7 அடி, தொய்வே கூடாது. குதிரையின் கயிறு எவ்வளவு நீளம்? தரையில் கிடக்கும் புல்லை மூக்கு எட்ட வேண்டும், கால் மட்டும் கயிற்றைத் தாண்டக் கூடாது. இதில் அவசரப்படாதீர்கள், கட்டிவிட்டுத் தள்ளி நின்று குதிரை தலையைத் தாழ்த்துவதைப் பாருங்கள். அப்புறம், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். மரத்தை ஒட்டிக் கட்டினால் குளம்பால் வேரைத் தோண்டிவிடும்.

4. தண்ணீர். ஒரு குதிரை நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். புது இடத்துத் தண்ணீரைச் சில குதிரைகள் முகர்ந்துவிட்டு ஒதுக்கும். முதல் நாளுக்காவது வீட்டுத் தண்ணீர் கொண்டுபோங்கள். படுக்கும் முன் வாளி நிறைந்திருக்கிறதா, லத்தி வழக்கம்போல் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

5. கிளம்பும்போது. லத்தியையும் சிந்திய புல்லையும் முகாம் சொல்லும் இடத்தில் கொட்டுங்கள். இடமே இல்லையென்றால் ட்ரெய்லரில் ஏற்றி வீட்டுக்கு. குளம்பு தோண்டிய குழிகளை மூடுங்கள். பட்டைகளைக் கழற்றியதும் மரத்தில் காயம் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். இருந்தால் அடுத்த முறை இன்னும் அகலமான பட்டை வாங்க வேண்டும்.