லைன் டிரைவா, ஃப்ளை பாலா? பேஸ்பால் எண்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ்பாலில் பேட்டர் அடிக்கும் பந்துக்கு நான்கு பெயர்கள்தான். தரையில் குதித்தோ உருண்டோ போனால் கிரவுண்ட் பால். விறைப்பாக, நேராகச் சீறினால் லைன் டிரைவ். மேலே ஏறி, மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டில் இறங்கினால் ஃப்ளை பால். செங்குத்தாக எழும்பிப் பக்கத்திலேயே விழுந்தால் பாப் அப். ஒரு சீசன் பார்த்த யாரும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர்களை எண்ணிச் சதவீதமாக்கி, அதை வைத்து ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) தேறுவாரா மாட்டாரா என்று தீர்ப்பு எழுதும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கிரிக்கெட்டில் ஃபோரா சிக்ஸரா என்பதைக் கயிறு சொல்லிவிடும். லைன் டிரைவுக்கும் ஃப்ளை பாலுக்கும் நடுவே அப்படி ஒரு கயிறு கிடையாது. விதிப்புத்தகத்தைப் புரட்டினாலும் பலனில்லை. ஃப்ளை பால் என்றால் உயரே பறக்கும் பந்து, லைன் டிரைவ் என்றால் மட்டையிலிருந்து தரையைத் தொடாமல் வேகமாக, நேராக ஃபீல்டரிடம் போகும் பந்து என்று ஒவ்வொரு வரியோடு அது முடித்துக்கொள்கிறது. எத்தனை டிகிரி, எத்தனை அடி உயரம் என்று எதுவும் இல்லை. ஆகவே நீங்கள் படிக்கும் ஒவ்வொரு சதவீதத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் கண்ணோ, யாரோ போட்ட ஒரு கோடோ இருக்கிறது. இதை மறப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

கண் என்றால் யாருடைய கண்? மைதானத்தில் பத்திரிகையாளர் மாடமான பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்து பதிவுசெய்பவர் இருக்கிறார். வீடியோவைப் பார்த்துக் குறிப்பவர்களும் இருக்கிறார்கள். ஃபேன்கிராஃப்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவரத் தளத்தில் 2002 முதல் கிடைக்கும் பந்து வகைக் கணக்கு இந்த இரண்டாம் ரகம். இன்று ஸ்போர்ட்ஸ் இன்ஃபோ சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் வீடியோ பதிவாளர்கள் தருவது. மேலிருந்து பார்ப்பவருக்கும் கீழிருந்து பார்ப்பவருக்கும் பந்தின் ஏற்றம் ஒன்றுபோலத் தெரியாது. பிரஸ் பாக்ஸின் உயரத்துக்கும் அந்த மைதானத்தில் பதிவாகும் லைன் டிரைவ் எண்ணிக்கைக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வாளர்கள் முன்பே காட்டியிருக்கிறார்கள். பிட்சர் அணி மாறியதும் லைன் டிரைவ் சதவீதம் குறைந்தால், பந்துவீச்சு மாறியதா, பதிவாளர் மாறினாரா என்று முதலில் கேளுங்கள்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. முடிவைப் பார்த்த பிறகு வகையைத் தீர்மானிக்கும் பழக்கம். இரண்டும் கெட்டானாகப் பறக்கும் ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்டர் ஃபீல்டர் நாலு எட்டு வைத்து நிதானமாகப் பிடித்தால் கை தானாக ஃப்ளை பால் என்று குறித்துவிடும். அதே பந்து அவருக்கு முன்னால் விழுந்து ஹிட் ஆகிவிட்டால், அதாவது பேட்டர் அவுட் ஆகாமல் பேஸை எட்டிவிட்டால், லைன் டிரைவ். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. இந்த இடைப்பட்ட பந்துகளுக்காகவே இரண்டு பெயர்களையும் ஒட்டி ‘ஃப்ளைனர்’ என்று ஒரு வகையைப் பதிவாளர்கள் வைத்திருந்தார்கள். தொல்லை எவ்வளவு என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

லைன் டிரைவ்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஹிட் ஆகின்றன, கிரவுண்ட் பாலில் நான்கில் ஒன்று என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் ஹிட் ஆனதால் லைன் டிரைவ் என்று பெயர் பெற்றவையும் அந்த மூன்றில் இரண்டுக்குள் ஒளிந்திருக்கின்றன. அந்த எண்ணைக் காரணமாக வைத்து வாதாடுபவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கோணம் வந்த பிறகும் தீராத வழக்கு

2015-இல் வட அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் 30 மைதானங்களுக்கும், பந்தின் பாதையைக் கருவிகளால் அளக்கும் ஸ்டாட்காஸ்ட் வந்தது. பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் கோணமும் வேகமும் எண்களாகக் கிடைத்தன. கோடும் போட்டார்கள்: 10 டிகிரிக்குக் கீழே கிரவுண்ட் பால், 10 முதல் 25 வரை லைன் டிரைவ், 25 முதல் 50 வரை ஃப்ளை பால், அதற்கு மேல் பாப் அப். வழக்கு முடிந்தது என்று நிறையப் பேர் நினைத்தார்கள். இன்றும் அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

5 டிகிரியில் கிளம்பும் இரண்டு பந்துகளைப் பார்ப்போம். ஒன்று மணிக்கு 70 மைல் வேகம். மட்டையில் பட்ட இடம் தரையிலிருந்து 3 அடி என்றால், அது சுமார் 80 அடிக்குள் தரையைத் தொட்டுவிடும். சந்தேகமில்லாத கிரவுண்ட் பால். இன்னொன்று 105 மைல். 110 அடி தள்ளி நிற்கும் தேர்ட் பேஸ்மேனை முக்கால் நொடியில் எட்டிவிடும். எட்டும்போதும் இடுப்பளவு உயரத்தில் காற்றில்தான் இருக்கும். அவர் அதை அப்படியே கையுறையில் வாங்கினால், மைதானத்தில் இருக்கும் ஒருவர்கூட அதைக் கிரவுண்ட் பால் என்று சொல்ல மாட்டார். கோணத்தை மட்டும் பார்க்கும் கோடு சொல்லும்.

மேல் பக்கமும் இதே கதை. 22 டிகிரியில் 105 மைல் என்றால் பந்து வேலியை நோக்கிப் போகும். அதே 22 டிகிரியில் 70 மைல் என்றால், இன்ஃபீல்டர் தலைக்கு மேல் சோம்பலாக வளைந்து அவுட்ஃபீல்டின் முன்பகுதியில் விழும் பந்து. இரண்டுக்கும் லைன் டிரைவ் என்றே முத்திரை. வேகத்தைச் சேர்க்காமல் கோணத்தைப் படிப்பது பாதி வாக்கியத்தைப் படிப்பதற்குச் சமம். மிகச் சிறப்பாக அடிபட்ட பந்துகளை எண்ணும் ‘பேரல்’ என்ற கணக்கு பரவாயில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்: குறைந்தது 98 மைல் வேகமும் 26 முதல் 30 டிகிரி கோணமும் வேண்டும், வேகம் கூடக்கூட அனுமதிக்கும் கோணமும் அகலமாகும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஸ்டாட்காஸ்ட் எண்களை வெளியிடும் பேஸ்பால் சாவன்ட் தளத்திலிருந்து தரவை இறக்கிப் பார்த்தால், ஒரே வரிசையில் கோணம் 7 டிகிரி என்றும் வகை லைன் டிரைவ் என்றும் இருக்கும். தரவு கெட்டுவிட்டது என்று அந்த வரிசையை நீக்கிவிடாதீர்கள். கோணம் கருவி அளந்தது, வகை மனிதர் குறித்தது. இரண்டும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

பழைய ஆண்டுகளின் தரவில் வேறொரு கண்ணி. 2020-இல் ஸ்டாட்காஸ்டுக்கு ஹாக்-ஐ கேமராக்கள் வருவதற்கு முன்பு, பந்தை அளந்த ரேடாரின் பார்வைக்குத் தப்பிய பந்துகள் கணிசம். அதிலும் உயரமான பாப் அப்களும் மட்டையடியிலேயே செத்து விழுந்த கிரவுண்ட் பால்களும்தான் அதிகம் தப்பின. காலி இடத்தை உத்தேச எண்களால் நிரப்பினார்கள். கடைசி இலக்கம் வரை ஒன்றாக, 80 மைல் 69 டிகிரி என்று பாப் அப்கள் திரும்பத் திரும்ப வந்தால் அவை அளவீடுகள் அல்ல. வீரரின் சராசரியைக் கணக்கிடும் முன் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

சராசரிக் கோணத்தை நம்புவதும் வீண் வேலை. எல்லாப் பந்தையும் 12 டிகிரிக்கு அருகில் அடிப்பவருக்கும் சராசரி 12. பாதியை மைனஸ் 20-இல் தரையில் அறைந்து, மீதியை 44-இல் வானத்துக்கு அனுப்புபவருக்கும் 12.

பெயர் ஒன்று, வகுத்தி வேறு

ஒரு தளத்தின் ஃப்ளை பால் சதவீதத்தை இன்னொரு தளத்தின் சதவீதத்தோடு ஒப்பிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஃபேன்கிராஃப்ஸில் இன்ஃபீல்ட் ஃப்ளைகள் (பாப் அப்களுக்கு அங்கே அதுதான் பெயர்) ஃப்ளை பாலுக்குள்ளேயே அடக்கம். சாவன்டில் பாப் அப் தனி வகை. களத்துக்குள் அடிக்கப்பட்ட 500 பந்துகளில் 180 உயரப் போயின, அதில் 18 பாப் அப் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில் ஃப்ளை பால் 36 சதவீதம், இரண்டாவதில் 32.4. பாப் அப் விஷயம் இன்னும் கூத்து: முதல் தளம் 18-ஐ 180-ஆல் வகுத்து 10 சதவீதம் என்கும், இரண்டாவது 500-ஆல் வகுத்து 3.6 என்கும். இரண்டும் சரி. இரண்டையும் கலந்து எழுதிய கட்டுரைதான் தப்பு.

விதிப்புத்தகத்தின் இன்ஃபீல்ட் ஃப்ளை இவை இரண்டிலிருந்தும் வேறு: அம்பயர் அப்படி அறிவித்துவிட்டால், பந்து பிடிபடாவிட்டாலும் பேட்டர் அவுட். அங்கே பந்து எங்கே விழுகிறது என்பது கேள்வியே இல்லை. சாதாரண முயற்சியில் ஒரு இன்ஃபீல்டர் அதைப் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முதல் இரண்டு பேஸிலும், அல்லது மூன்றிலும், ஆள் இருக்க வேண்டும், இரண்டு அவுட் ஆகியிருக்கக் கூடாது. 2012 அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவில் பிரேவ்ஸுக்கும் கார்டினல்ஸுக்கும் நடந்த வைல்ட் கார்டு (பிளேஆஃப்) ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், பிரேவ்ஸின் ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் அடித்த பந்து இடப்பக்க அவுட்ஃபீல்டின் புல்லில், கார்டினல்ஸின் இன்ஃபீல்டர் (ஷார்ட்ஸ்டாப்) பீட் கோஸ்மாவுக்கும் அவுட்ஃபீல்டர் மேட் ஹாலிடேவுக்கும் நடுவே விழுந்தது. அம்பயர் சாம் ஹோல்புரூக் இன்ஃபீல்ட் ஃப்ளை என்று கை உயர்த்திவிட்டார். ஒரு அவுட்டோடு மூன்று பேஸும் நிரம்பியிருக்க வேண்டிய பிரேவ்ஸுக்கு இரண்டு அவுட் ஆனது. ரசிகர்கள் பாட்டில்களை வீசி ஆட்டம் நின்றது. கார்டினல்ஸ் 6-3 என்று வென்றது. அவ்வளவு தூரத்தில் அந்த அழைப்பு சரியா என்று இன்றும் சண்டை போடலாம். ‘அவுட்ஃபீல்டில் விழுந்தது எப்படி இன்ஃபீல்ட் ஃப்ளை?’ என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒரு பெயர் மாறினால் எவ்வளவு நகரும் என்று கேட்பவர்களுக்கு: எக்ஸ்-ஃபிப் என்ற பிட்சர் அளவுகோல் ஃப்ளை பால் எண்ணிக்கையை லீக் ஹோம் ரன் விகிதத்தால் (லீக் முழுவதும் ஃப்ளை பால்களில் எத்தனை சதவீதம் ஹோம் ரன் ஆகின்றன என்பதால்) பெருக்குகிறது. விகிதம் 11 சதவீதம், பிட்சர் வீசியது 180 இன்னிங்ஸ், பதிவாளர் 20 ஃப்ளை பாலை லைன் டிரைவ் பக்கம் தள்ளிவிட்டார் என்று கொள்ளுங்கள். எதிர்பார்க்கும் ஹோம் ரன் 2.2 குறைகிறது. சூத்திரத்தில் ஹோம் ரன்னுக்கு 13 மடங்கு எடை என்பதால், அவரது கணக்கு ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏறத்தாழ 0.16 ரன் இறங்கும். பிட்சர் ஒரு பந்தைக்கூட மாற்றி வீசவில்லை.

ஃபீல்டர்களும் தப்பவில்லை. பந்தின் வகையை வைத்து எது கடினமான கேட்ச் என்று முடிவுசெய்யும் முறைகளில், ஃப்ளை பால் என்று குறித்ததை விட்டவருக்குத் திட்டு, லைன் டிரைவ் என்று குறித்ததை விட்டவருக்கு மன்னிப்பு. ஸ்டாட்காஸ்டின் ‘அவுட்ஸ் அபவ் ஆவரேஜ்’ அவுட்ஃபீல்டர்களைப் பொறுத்தவரை பெயரையே கேட்பதில்லை. எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்க்கிறது. அவுட்ஃபீல்டரை எடைபோட இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அதையே எடுப்பேன்.

பிட்சர்களுக்குக் கிரவுண்ட் பால் சதவீதத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்: தரையில் விழும் பந்தில் கருத்து வேறுபாடு குறைவு, ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக ஆடுவதும் இல்லை. லைன் டிரைவ் சதவீதம் அப்படியல்ல. ஒரு மாதக் கணக்கை வைத்து ‘இவரை இப்போது எல்லோரும் நன்றாக அடிக்கிறார்கள்’ என்று எழுதத் தோன்றினால், அந்த மாத வீடியோவில் ஒரு பத்துப் பந்தையாவது ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.