சின்னக் குழந்தையோடு இரண்டு நாள் நகரப் பயணம்: மதியத் தூக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வார இறுதியில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு நகரத்துக்குப் போய்வரலாம் என்று முடிவானதும் எல்லாரும் முதலில் தேடுவது "பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" பட்டியலைத்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியது உங்கள் குழந்தை மதியம் எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எவ்வளவு நேரம் தூங்குகிறது என்பது. எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது ஆனதிலிருந்து இப்படிப் போய்வருகிறோம், இப்போது அவளுக்கு மூன்றரை. மதியத் தூக்கம் ஒழுங்காகக் கிடைத்த நாளில் மழை வந்தாலும் டிக்கெட் கிடைக்காமல் போனாலும் சாயங்காலம் அவள் உற்சாகமாகத்தான் இருப்பாள். தூக்கம் கெட்ட நாளில் எவ்வளவு நல்ல இடத்துக்குக் கூட்டிப்போனாலும் ஐந்து மணிக்கு மேல் அழுகைதான். அதனால் கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கத்தைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான்.

டிக்கெட் எடுப்பது, அறை புக் செய்வது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும் இது பொருந்தும். கைக்குழந்தைக்குக் கணக்கே வேறு.

1. வீட்டு நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

எழுந்திருப்பது, சாப்பிடுவது, மதியத் தூக்கம், ராத்திரித் தூக்கம். இந்த நான்கின் நேரத்தையும் ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள், மனசில் இருக்கிற நேரமும் உண்மையான நேரமும் பல வீடுகளில் ஒன்றாக இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 1-2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை, 3-4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். வெளியூரில் புது அறை, புதுச் சத்தம் என்று ராத்திரித் தூக்கம் எப்படியும் கொஞ்சம் குறையும். அதை ஈடுகட்டுவது மதியத் தூக்கம்தான் என்பதால் வீட்டில் இருப்பதைவிட வெளியூரில்தான் அதற்கு மதிப்பு அதிகம்.

இப்போது ஒரு தாளில் இரண்டு நாளையும் கோடு போட்டுப் பிரியுங்கள். தூக்கத்துக்கு முன், தூக்கத்துக்குப் பின் என்று நாளுக்கு இரண்டு துண்டு, மொத்தம் நான்கு. போகிற நேரமும் திரும்புகிற நேரமும் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது இரண்டு, நல்ல இணைப்பு கிடைத்தால் மூன்று. உங்கள் பயணத்தில் பார்க்க முடிகிற இடங்களும் அவ்வளவுதான். இதை இப்போதே ஏற்றுக்கொண்டால் மற்ற முடிவெல்லாம் சுலபம்.

2. வண்டி

வீட்டு வாசலிலிருந்து அறை வாசல் வரை நான்கு மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் நான் அந்த நகரத்தை நீண்ட விடுமுறைக்குத் தள்ளிவைத்துவிடுவேன். வேகமான வழியைவிட மாறி ஏறத் தேவையில்லாத வழி மேல். முடிந்தவரைக்கும் ரயில்தான் என் தேர்வு, எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, வாந்தித் தொல்லையும் குறைவு.

அந்த வாந்தியைப் பற்றி: காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நகர்கிறோம்" என்கிறது, புத்தகத்தையோ திரையையோ பார்க்கிற கண் "நகரவில்லை" என்கிறது, இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. 2 முதல் 12 வயது வரை இது அதிகம். காரிலும் பஸ்ஸிலும் போனைக் கையில் கொடுத்து அமைதிப்படுத்தப் பார்த்தால் வளைவுப் பாதையில் அது நேர் எதிராக வேலை செய்யும். ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்க வையுங்கள், கிளம்புவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம். விமானம் என்றால் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது வலி அதிகம். தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே விமானம் கீழே வரத் தொடங்கிவிடும். அப்போது குழந்தை விழித்திருந்து ஏதாவது உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தால் நல்லது, தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு.

3. அறை எங்கே இருக்க வேண்டும்

பார்க்கப் போகிற முதல் இடத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஊருக்கு வெளியே பெரிய அறை, நீச்சல் குளம், பாதி வாடகை என்று ஆசை காட்டும். ஆனால் மதியம் தூங்க வைக்க ஒரு மணி நேரம் போய், திரும்ப ஒரு மணி நேரம் வந்தால் சாயங்காலத் துண்டு போச்சு. நடுவிலேயே சின்ன அறையாக எடுங்கள். லிஃப்ட் இருக்கிறதா, அறை தெருப்பக்கமா உள்பக்கமா என்று போனில் கேட்டுவிடுங்கள், உள்பக்கம் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். அறைக்குள் நுழைந்ததும் பையைத் திறப்பதற்கு முன் ஜன்னல் தாழ்ப்பாள், பால்கனிக் கதவு, தண்ணீர் சூடாக்கும் கெட்டிலின் வயர், குழாயில் வெந்நீர் எவ்வளவு சூடாக வருகிறது, இந்த நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

4. செக்-இன், செக்-அவுட் நடுவில் வரும் ஓட்டை

எல்லாரும் திணறுகிற இடம் இது, எங்களையும் ரொம்ப யோசிக்க வைத்தது. கணக்கைப் பாருங்கள். பல ஹோட்டல்களில் அறை கிடைப்பது மதியம் 2 அல்லது 3 மணிக்கு. குழந்தை தூங்குவது 1 மணிக்கு. மறுநாள் 11 அல்லது 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், திரும்பும் வண்டியோ சாயங்காலம். ஆக, இரண்டு நாளிலும் சரியாகத் தூக்க நேரத்தில் உங்கள் கையில் அறை இல்லை! அறை இருக்கிறதே என்று நினைத்துப் போட்ட திட்டம் முழுக்க இங்கேதான் உடைகிறது. பெரியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை என்பதால் புக் செய்யும்போது கண்ணிலேயே படாது.

இதற்கு வழிகள் இருக்கின்றன, எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

முதல் வழி, முதல் நாள் பயணத்தையே தூக்க நேரத்தில் வைப்பது. காலையில் அவசரமாகக் கிளம்பாமல், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, குழந்தை கண்ணைக் கசக்குகிற நேரத்தில் வண்டி நகர்கிற மாதிரி டிக்கெட் எடுங்கள். போய்ச் சேரும்போது அறை தயாராக இருக்கும், குழந்தையும் தூங்கி எழுந்திருக்கும், சாயங்காலத் துண்டு முழுசாகக் கிடைக்கும். காலையிலேயே போனால் அரை நாள் கூடுதலாகக் கிடைக்குமே என்று தோன்றும். எங்கள் அனுபவத்தில் அந்த அரை நாள் லாபத்தைச் சாயங்கால அழுகை தின்றுவிடுகிறது. திரும்பும்போதும் இதே மாதிரி, அறையைக் காலி செய்து, சீக்கிரம் சாப்பிட்டு, மதிய வண்டி. இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன்.

இரண்டாவது வழி, முன்கூட்டியே கேட்பது. புக்கிங் செயலியில் "சிறப்புக் கோரிக்கை" கட்டத்தில் எழுதினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் வரவேற்பு மேசைக்கே போன் செய்து, "சின்னக் குழந்தை, 1 மணிக்குத் தூங்க வைக்கணும், எத்தனை மணிக்கு அறை கிடைக்கும்?" என்று கேளுங்கள். முந்தின நாள் மதியத்துக்கு மேல்தான் மறுநாள் எந்த அறை காலியாகும் என்பது அவர்களுக்கே ஓரளவு தெரியும், அதனால் ஒரு வாரம் முன்பே கேட்டால் பார்க்கலாம் என்றுதான் பதில் வரும். கொஞ்சம் பணம் கொடுத்து நேரம் நீட்டிக்க முடியும் என்றால் கடைசி நாளுக்கு அதைச் செய்யுங்கள். குழந்தைப் பயணத்தில் பணத்தைக் கொட்ட ஆயிரம் இடம் உண்டு, முழுசாகப் பலன் தருவது இந்த இரண்டு மணி நேரம்.

இரண்டும் நடக்காவிட்டால் ஸ்ட்ரோலரிலேயே தூக்கம். அதற்கு நிழலான, சத்தமில்லாத பெரிய பூங்காவை முன்பே மேப்பில் குறித்துவையுங்கள். பைகளை ஹோட்டல் வரவேற்பிலேயே விட்டுவிட்டுப் போகலாம், பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். ஒன்று முக்கியம்: வெயிலுக்காக ஸ்ட்ரோலரைத் துணியால் முழுக்க மூடாதீர்கள், உள்ளே காற்று நின்று சூடு ஏறிவிடும். குடையைச் சாய்த்து நிழல் கொடுங்கள்.

5. மேப் வேலை

எக்செல் அட்டவணை எல்லாம் வேண்டாம், தெருவில் ஒரு கையில் குழந்தையோடு யாரும் அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. கூகுள் மேப்ஸில் இந்தப் பயணத்துக்கென்று ஒரு பட்டியல் உருவாக்கி அறை, பார்க்கும் இடங்கள், விளையாட்டுத் திடல்கள், பொதுக் கழிப்பறைகள், ஒரு குழந்தை மருத்துவமனை, இரவு திறந்திருக்கும் ஒரு மருந்துக் கடை இவற்றைச் சேமியுங்கள். நடக்கும் நேரம் என்று அது காட்டுவது பெரியவர்கள் நிற்காமல் நடக்கும் நேரம். குழந்தை நடந்து வந்தால் அதை இரண்டால் பெருக்குங்கள்.

கவனிக்க வேண்டியது: கூகுள் மேப்ஸை ஆஃப்லைனுக்கு இறக்கி வைத்தாலும் இணையம் இல்லாதபோது கார் வழி மட்டும்தான் காட்டும், நடக்கும் வழியும் பஸ், ரயில் வழியும் வராது. அதனால் ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவசச் செயலியையும் போட்டுக்கொள்கிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடத்தின் தரவில் ஓடுவது, விளம்பரம் கிடையாது, நடக்கும் வழியை இணையமே இல்லாமல் காட்டும். பூங்காவுக்குள் இருக்கும் சின்னப் பாதைகள்கூடப் பல ஊர்களில் அதில்தான் துல்லியம்.

6. இடங்கள்

இப்போது அந்தப் பத்து இடப் பட்டியலைத் திறக்கலாம். ஒரு துண்டுக்கு ஒரு இடம். காலையில் டிக்கெட் வாங்கிப் போகும் இடம், திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள், கூட்டமும் வெயிலும் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடலாம். சாயங்காலம் ஓடியாடும் இடம். வாரத்தில் எந்த நாள் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பஸ், ரயில் எத்தனை மணிக்கு ஒன்று என்பதையும் பாருங்கள், பல ஊர்களில் ஞாயிறு அட்டவணை தனி. பெரியவர்களுக்கு மட்டும் பிடித்த ஒரு இடம் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால், தூக்க நேரத்தில் அறை கையில் இருக்கும்போது ஒருவர் அங்கே குழந்தையோடு இருக்க, இன்னொருவர் போய்வரலாம். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள்.

7. பை

தோளில் ஒரு பை, ஒரு சின்னப் பெட்டி. ஒரு கையால் மடக்கக்கூடிய எடை குறைந்த ஸ்ட்ரோலர். நடக்கத் தெரிந்த குழந்தைக்கு எதற்கு என்று கேட்பார்கள், தூக்கத்துக்குத்தான். வீட்டில் போர்த்தும் அதே போர்வை, துவைக்காமல் பழைய வாசனையோடு. மாற்றுடை குழந்தைக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் ஒரு சட்டை கைப்பையிலேயே இருக்கட்டும். மருந்தில் காய்ச்சலுக்கு மருத்துவர் எடை பார்த்து எழுதிக் கொடுத்த சிரப், அந்த அளவின் போட்டோ, ஓஆர்எஸ் பாக்கெட். பாக்கெட் மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், கண்ணளவில் பாதி பாதியாகப் போடக்கூடாது, 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

8. கூட்டத்தில் கை விட்டுப்போனால்

தினமும் காலையில் கிளம்பும்போது அன்றைய உடையில், செருப்பு தெரிகிற மாதிரி ஒரு முழு உருவப் போட்டோ. பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்று நினைவுக்கு வராது. கையில் பட்டை கட்டி உள்பக்கத்தில் உங்கள் போன் எண், வெளிநாடு என்றால் நாட்டுக் குறியீட்டோடு. பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம். "அம்மாவைக் காணலைன்னா அந்த இடத்திலேயே நில்லு, நாங்க வருவோம்" என்று வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டதையும் சேர்க்கிறேன்.

மூன்று வயதிலேயே மதியத் தூக்கத்தை நிறுத்திவிட்ட குழந்தை என்றால்? நேரத்தைக் காலியாக விடாதீர்கள், அதே ஒரு மணி நேரம் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் புத்தகம், படுக்கை. தூங்காவிட்டாலும் கால் ஓய்வெடுக்கும், பல குழந்தைகள் வெளியூர் அலைச்சலில் தூங்கியே விடுகிறார்கள்.

ஸ்ட்ரோலரோடு மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் பார்த்தால் படிக்கட்டு மட்டும்தான் இருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். கூகுள் மேப்ஸில் பொதுப் போக்குவரத்து வழி தேடும்போது விருப்பங்களுக்குள் சக்கர நாற்காலிக்கு ஏற்ற வழி என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். தகவல் இருக்கும் ஊர்களில் லிஃப்ட் உள்ள நிலையங்கள் வழியாகவே காட்டும்.

நேரம் ஒன்றிரண்டு மணி மாறுகிற ஊருக்குப் போனால் குழந்தையைப் புது நேரத்துக்குப் பழக்க வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு நாளுக்குத் தேவையில்லை. பழகுவதற்குள் திரும்பிவிடுவீர்கள். வீட்டு நேரத்திலேயே சாப்பாடும் தூக்கமும் நடக்கட்டும். அந்த ஊர்க் கடிகாரத்துக்கு அது எத்தனை மணி என்று மட்டும் தாளில் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு, உணவகமும் டிக்கெட்டும் அதற்கேற்ற மாதிரி புக் செய்யுங்கள்.